அடிப்படை ஆங்கில இலக்கணம்: கொழும்பில் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் பின்னேரங்களில் பெரியவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர், வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர், பிள்ளையை ஆங்கில மொழிமூலத்தில் சேர்த்துவிட்டு வீட்டுப்பாடத்துக்கு முன்னால் திகைத்து நிற்கும் அம்மா, வெளிநாடு போகக் காத்திருப்பவர் என்று பலரும் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள்.

சின்ன வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்தேன், சாதாரண தரத்தில் சித்தியும் எடுத்தேன். ஆனாலும் ஒரு வசனம் நேராக வரவில்லையே, ஏன்?

இடைவெளி நிரப்பப் பழகியிருக்கிறீர்கள், வசனம் கட்டப் பழகவில்லை. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு இலக்கணம் நன்றாகத் தெரியும் என்பதுதான். அது தமிழ் இலக்கணம். ஆங்கிலத்தில் நீங்கள் விடும் பிழைகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதில்லை. தமிழ் விதியை அப்படியே ஆங்கிலச் சொற்களுக்குப் போடுவதால் வருகிறது. எந்த விதி எங்கே குறுக்கிடுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் நான் ஒவ்வொரு பாடத்தையும் "இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?" என்ற கேள்வியோடு தொடங்குகிறேன்.

எதை முதலில் படிக்க வேண்டும்? பன்னிரண்டு காலங்களையும் மனப்பாடம் செய்யவா?

வேண்டாம். பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒரு மாதத்தில் வகுப்பை விட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றாடப் பேச்சுக்கு நான்கு போதும்: வழமையாகச் செய்வது, இப்போது செய்துகொண்டிருப்பது, நேற்றுச் செய்து முடித்தது, இனிச் செய்யப்போவது. இந்த நான்கிலும் கேள்வி கேட்கவும் "இல்லை" என்று சொல்லவும் வரவேண்டும். அது வந்த பிறகு "ஹாவ்" போட்டு வரும் காலங்களைப் பார்க்கலாம். "ஐ வில் ஹாவ் பீன் வேர்க்கிங்" என்பதை உங்கள் வாழ்க்கையில் எத்தனை தடவை சொல்லப்போகிறீர்கள்?

சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது?

தமிழில் வினை கடைசியில் வரும்: நான் சோறு சாப்பிட்டேன். ஆங்கிலத்தில் அது ஆளுக்கு அடுத்து வந்துவிடும்: "ஐ ஏட் ரைஸ்". இது எல்லாருக்கும் தெரியும். பலரும் கவனிக்காதது, வினைக்குப் பிறகு வருவதும் பெரும்பாலும் தமிழுக்குத் தலைகீழாகவே போகும் என்பது. "மேசை மேலே இருக்கிற புத்தகம்" என்கிறோம். ஆங்கிலம் புத்தகத்தில் தொடங்கி மேசையில் முடிக்கும்: "த புக் ஆன் த டேபிள்". "நேற்று வந்த பையன்" என்பது "த போய் ஹூ கேம் யெஸ்டர்டே". நீளமான தமிழ் வசனம் ஒன்றை மாற்ற வேண்டி வந்தால், ஆளையும் வினையையும் முதலில் எழுதிவிட்டு, மிச்சத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசித்துப் பாருங்கள். எப்போதும் சரி வராது. ஆனால் திக்கித் திணறி நிற்கும் நேரத்தில் கைகொடுக்கும்.

"ஐ ஆம் கோ" என்று சொன்னால் ஏன் பிழை?

சின்ன வயதில் "ஐ ஆம்", "யூ ஆர்", "ஹீ இஸ்" என்று பாட்டுப்போலப் பாடியிருப்போம். அதனால் "ஐ ஆம்" என்றாலே "நான்" என்று மனதில் பதிந்துவிட்டது. "நான்" என்பது வெறும் "ஐ" மட்டும்தான். "ஆம்" தனியாக ஒரு வினை.

தமிழில் "அவர் ஆசிரியர்" என்று இரண்டு சொல்லில் முடிக்கலாம். அங்கே வினையே இல்லை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வசனம் நிற்காது, ஆகவே "ஹீ இஸ் எ டீச்சர்". செய்கிற வினை ஒன்று ஏற்கெனவே இருந்தால் "ஆம்" தேவையில்லை: "ஐ கோ". இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்றால் இரண்டும் வரும், ஆனால் வினைக்கு "இங்" வால் வேண்டும்: "ஐ ஆம் கோயிங்". "ஐ ஆம் கோ" என்பதில் அந்த வாலைக் காணோம்.

"ஐ கோ", "ஐ ஆம் கோயிங்": எதை எப்போது போடுவது?

நாங்கள் இரண்டுக்குமே "போகிறேன்" என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. "நான் 100ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன்" என்றால் வழமையாகவும் இருக்கலாம், இந்த நிமிடம் பஸ்ஸில் இருந்துகொண்டு போனில் சொல்வதாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கும். வழமை என்றால் "ஐ கோ டு வேர்க் பை பஸ்". போனில் என்றால் "ஐ ஆம் கோயிங் டு வேர்க்".

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வழமையைச் சொல்ல நாங்கள் எதிர்கால வினையையும் பயன்படுத்துகிறோம்: "வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவேன்". இதை அப்படியே மாற்றி "ஐ வில் கோ டு த டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே" என்று சொன்னால், இனிமேல் போகப்போவதாகத்தான் கேட்பவருக்கு விளங்கும். "ஐ கோ டு த டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே" என்பதே சரி. "எவ்ரி" வந்தால் "வில்" வேண்டுமா என்று ஒரு தடவை நின்று யோசியுங்கள்.

"ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் ஹாவிங் டூ சிஸ்டர்ஸ்" என்று பலர் சொல்கிறார்களே, சரியா?

இல்லை. சில ஆங்கில வினைகள் "இங்" வாலை ஏற்காது. புத்தகங்களில் இவற்றுக்கு நீளமான பட்டியல் இருக்கும். தமிழருக்கு அதைவிட எளிதான வழி ஒன்று இருக்கிறது.

தமிழ் வசனம் "நான்" என்று தொடங்குகிறதா, "எனக்கு" என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரியும். எனக்கு விளங்குகிறது. எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டும். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். இவையெல்லாம் நாமாகச் செய்யும் செயல்கள் அல்ல, நமக்குள் இருக்கும் நிலைகள். தமிழ் அதைக் "கு" போட்டுக் காட்டுகிறது, ஆங்கிலம் "இங்" போடாமல் காட்டுகிறது. ஆகவே "ஐ நோ", "ஐ அண்டர்ஸ்டாண்ட்", "ஐ லைக்", "ஐ வோண்ட்", "ஐ ரிமெம்பர்", "ஐ ஹாவ் டூ சிஸ்டர்ஸ்". "எனக்கு வியர்க்கிறது" போன்ற உடம்புச் சங்கதிகளுக்கு இது பொருந்தாது, அங்கே "ஐ ஆம் ஸ்வெட்டிங்" சரி. மற்றபடி பத்துக்கு எட்டு இடத்தில் இந்தச் சோதனை காப்பாற்றும். தமிழ் தெரிந்தவரின் கையில் ஏற்கெனவே இருக்கும் வசதி இது, விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்கும்போது "டூ", "டஸ்", "டிட்" எதற்கு?

தமிழில் கேள்வி கேட்க ஒரு "ஆ" போதும். போனாய், போனாயா? அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் ஒட்ட எதுவும் இல்லை. அதனால் ஒரு துணைவினையை வசனத்தின் முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள்: "டூ யூ கோ?", "டஸ் ஹீ கோ?", "டிட் யூ கோ?"

இந்தத் துணைவினை வரும்போது காலத்தையும் தானே எடுத்துக்கொள்ளும். "யூ வென்ட்" என்பதில் இறந்தகாலம் "வென்ட்" என்ற சொல்லில் இருந்தது. "டிட்" வந்ததும் காலம் அதற்குப் போய்விட்டது, வினை "கோ" என்று பழைய உருவத்துக்குத் திரும்பிவிட்டது. "டிட் யூ வென்ட்?" என்றால் ஒரே காலத்தை இரண்டு தடவை சொன்னதாகிவிடும். "ஐ டிட் நாட் வென்ட்" என்பதும் அதே பிழை.

"எங்கே", "எப்போது" என்று கேட்கும்போதும் துணைவினை இடம் மாற வேண்டும். "வேர் யூ ஆர் கோயிங்?" என்பது தமிழ் வரிசை. "வேர் ஆர் யூ கோயிங்?" என்பதே ஆங்கிலம்.

ஒரே ஒரு ஆளிடம் பேசும்போதும் "யூ ஆர்" என்கிறோமே, "யூ இஸ்" என்று ஏன் இல்லை?

நல்ல கேள்வி. "நீங்கள்" என்பது பன்மை, ஆனால் மரியாதைக்காக ஒருவரிடமும் சொல்கிறோம், வினையும் "வருகிறீர்கள்" என்று பன்மையில்தான் வருகிறது. ஆங்கிலத்திலும் இதுவே நடந்தது. முன்பு ஒருமைக்கு "தவ்" என்றொரு சொல் இருந்தது, நம் "நீ" போல. "யூ" பன்மைக்கானது. மரியாதைக்காக ஒருவரிடமும் "யூ" சொல்லத் தொடங்கி, நாளடைவில் "தவ்" பொதுவழக்கிலிருந்து போயே போய்விட்டது. ஆங்கிலேயர் இப்போது எல்லாரையும் "நீங்கள்" என்றே கூப்பிடுகிறார்கள், நாயைக்கூட.

"ஹீ கோஸ்" என்பதில் வரும் "ஸ்" அடிக்கடி விடுபடுகிறது. என்ன செய்வது?

தமிழில் நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான், அவள் போகிறாள், அது போகிறது, அவர்கள் போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பிழையில்லாமல் பேசுகிறீர்கள். ஆங்கிலம் கேட்பது ஒன்றே ஒன்று: ஹீ, ஷீ, இட் வந்தால் நிகழ்கால வினையில் ஒரு "ஸ்". அம்மா, முதலாளி, பஸ் என்று யாரை அல்லது எதைச் சொன்னாலும், அதற்குப் பதில் ஹீ, ஷீ, இட் போட முடிந்தால் "ஸ்" வரும். ஒரு வாரம் வீட்டில் உள்ளவர்களின் வேலைகளைச் சொல்லிப் பழகுங்கள்: "மை மதர் குக்ஸ்", "மை பிரதர் ட்ரைவ்ஸ்".

"சின்ஸ்", "ஃபோர்" இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தமிழும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. "திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்" என்பதில் தொடங்கிய இடம் இருக்கிறது, அது "சின்ஸ் மண்டே". "இரண்டு நாளாகக் காய்ச்சல்" என்பதில் அளவு இருக்கிறது, அது "ஃபோர் டூ டேஸ்". "இலிருந்து" வந்தால் "சின்ஸ்", "ஆக" வந்தால் "ஃபோர்".

வகுப்பில் ஒருவர் எழுதிவந்த விடுமுறைக் கடிதத்தைப் பாருங்கள்: "ஐ ஆம் ஹாவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ். ஸோ ஐ கேனாட் டு கம் டு ஒபிஸ்." சொல்ல வந்தது விளங்குகிறது. திருத்த வேண்டியவை மூன்று. காய்ச்சல் "எனக்கு" வகை, ஆகவே "ஹாவிங்" வேண்டாம். இரண்டு நாள் என்பது அளவு, ஆகவே "ஃபோர்". "கேன்", "கேனாட்", "வில்", "மஸ்ட்" ஆகியவற்றுக்குப் பிறகு "டு" வராது.

காலத்தையும் பார்க்க வேண்டும். தமிழில் "இரண்டு நாளாகக் காய்ச்சல் இருக்கிறது" என்று நிகழ்காலத்தில் சொல்வோம். அன்று தொடங்கி இன்னும் தொடர்வதை ஆங்கிலம் "ஹாவ்" போட்டுச் சொல்லும். திருத்திய கடிதம்: "ஐ ஹாவ் ஹாட் எ ஃபீவர் ஃபோர் டூ டேஸ். ஸோ ஐ கேனாட் கம் டு த ஒபிஸ்." இதே கணக்கில், "2015இலிருந்து கொழும்பில் இருக்கிறேன்" என்பது "ஐ ஹாவ் லிவ்ட் இன் கொலம்போ சின்ஸ் 2015". "ஐ ஆம் லிவிங் சின்ஸ்" என்பது நம் ஊர் நேர்முகப் பரீட்சைகளில் அதிகம் கேட்கும் பிழை.

ஒன்றை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். "யெஸ்டர்டே" என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் "ஹாவ்" வராது. "ஐ ஹாவ் கம் யெஸ்டர்டே" பிழை, "ஐ கேம் யெஸ்டர்டே" சரி.

"எ", "அன்", "த" எங்கே போடுவது? இதுதான் தலையைத் தின்கிறது.

எல்லாருக்கும் அப்படித்தான். முதலில் கதை சொல்லும் தமிழை நினையுங்கள்: "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள்." முதல் தடவை "ஒரு ராஜா", இரண்டாம் தடவை "அந்த ராஜா". ஆங்கிலத்தில் "எ கிங்", பிறகு "த கிங்". கேட்பவருக்குப் புதிது என்றால் "எ", எதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியும் என்றால் "த". தமிழில் இதைச் சொல்லாமலும் விடலாம், ஆங்கிலத்தில் விட முடியாது. வித்தியாசம் அதில்தான்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு துணையும் உண்டு: சிங்களம். "பஸ் எக்க ஆவா" என்றால் நாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த பஸ் வந்தது. "பஸ் எக்கக் ஆவா" என்றால் ஏதோ ஒரு பஸ் வந்தது. கடைசியில் வரும் அந்த "க்" செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் "எ" செய்கிறது. சிங்களம் பேசும்போது இதை யோசிக்காமலே சரியாகச் சொல்கிறீர்கள். "எ" வருமா "த" வருமா என்று சந்தேகம் வந்தால், அதே வசனத்தைச் சிங்களத்தில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். என் மாணவர்களில் பலருக்கு எந்த விதியையும்விட இதுவே உதவியது.

"அன்" எப்போது என்றால், அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கும்போது. எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். "அன் அவர்" (ஒரு மணித்தியாலம்), ஆனால் "எ யூனிவர்சிட்டி". ஊர்ப் பெயருக்கு முன்னால் எதுவும் வேண்டாம், ஆற்றுக்கு "த" வேண்டும்: "கொலம்போ", "த களனி ரிவர்".

"இன்", "ஆன்", "அட்" மூன்றுக்கும் தமிழில் "இல்" என்றுதானே சொல்கிறோம்?

ஆம், சிக்கலே அதுதான். நேரத்தில் தொடங்குங்கள், அது எளிது. மணிக்கு "அட்": "அட் எய்ட் ஓ க்ளாக்". நாளுக்கு "ஆன்": "ஆன் மண்டே", "ஆன் போயா டே". மாதத்துக்கும் வருடத்துக்கும் "இன்": "இன் ஜனவரி", "இன் 2015".

இடத்துக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரி. ஒரு புள்ளி என்றால் "அட்": "அட் த பஸ் ஹோல்ட்". வீதி என்றால் "ஆன்": "ஆன் கோல் ரோட்". ஊர், பகுதி என்றால் "இன்": "இன் கொட்டாஞ்சேனை".

வாகனத்துக்கு ஒரு குறிப்பு. உள்ளே எழுந்து நடக்கக் கூடியது என்றால் "ஆன்": "ஆன் த பஸ்", "ஆன் த ட்ரெயின்". குனிந்து ஏறி உட்கார வேண்டியது என்றால் "இன்": "இன் எ த்ரீவீலர்", "இன் எ கார்". சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மேலே ஏறி உட்காருவதால் அவற்றுக்கும் "ஆன்".

"கோ, வென்ட், கோன்" மாதிரிச் சொற்களை எத்தனை பாடமாக்க வேண்டும்?

இப்படி மாறும் வினைகள் மொத்தம் 200 அளவில் இருக்கும். அன்றாடம் வருபவை ஐம்பது, அறுபதுதான். அகரவரிசையில் படிக்காதீர்கள். ஒலி ஒத்தவற்றைச் சேர்த்துப் படியுங்கள்: சிங், ரிங், ட்ரிங்க் ஒன்றாக, பை, பிரிங், திங்க் ஒன்றாக. தமிழிலும் "வா" என்பது "வந்தேன்" ஆகிறது, "வாவினேன்" ஆவதில்லை. அதை யாரும் அட்டவணை பார்த்துப் படிக்கவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது.

"அட்வைஸஸ்", "ஃபர்னிச்சர்ஸ்" என்று எழுதலாமா?

கூடாது. அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் ஆகியவற்றுக்கு "ஸ்" வராது. எண்ணிக்கை வேண்டுமென்றால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்".

"சாப்பிடவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் "யெஸ்" சொல்வதா "நோ" சொல்வதா?

சாப்பிடாமல் இருந்தால் தமிழில் "ஓம், சாப்பிடவில்லை" என்று சொல்லலாம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் கேட்டவரைப் பார்க்கக் கூடாது, நடந்ததை மட்டும் பார்க்க வேண்டும். சாப்பிடவில்லை என்றால் "நோ, ஐ டிட்ன்ட்". சாப்பிட்டாயிற்று என்றால் "யெஸ், ஐ டிட்". பேச்சில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. வேலையிடத்தில் "டிட்ன்ட் யூ சென்ட் த மெயில்?" என்று கேட்கும்போது வெறும் "யெஸ்" என்று நிறுத்தாதீர்கள். "நோ, ஐ டிட்ன்ட்" அல்லது "யெஸ், ஐ சென்ட் இட்" என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

காசு செலவில்லாமல் எங்கே படிக்கலாம்?

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடசாலை ஆங்கிலப் புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 6ஆம், 7ஆம் தரப் புத்தகங்களை எடுங்கள். பெரியவர்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் அடிப்படை இலக்கணம் முழுவதும் அங்கே நல்ல வரிசையில் இருக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சிலும் பிபிசியும் ஆங்கிலம் கற்பவர்களுக்கு இலவசத் தளங்கள் நடத்துகின்றன. பிரிட்டிஷ் கவுன்சில் தளத்தில் பாடங்களுக்கு ஏ1, ஏ2, பி1 என்று படிநிலை போட்டிருக்கும். அவை ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஆறு படிகளில் முதல் மூன்று. இந்தப் பக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் ஏ1, ஏ2. நிம்மதியாக உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர்கள் கொழும்பு பொது நூலகத்துக்குப் போகலாம்.

எனக்கு 45 வயது. இனி வருமா?

வரும். சின்னப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு எளிதாக ஒட்டும். விதியைச் சொன்னவுடன் பிடித்துக்கொள்வதில் பெரியவர்களே வேகம். ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு நாளைக்கு ஒரு பக்கத்தை உங்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது நல்ல பயிற்சி.

பிழையாகக் கதைத்தால் சிரிப்பார்களே?

சிலர் சிரிப்பார்கள். ஆங்கிலத்தை வைத்து ஆளை அளக்கும் பழக்கம் இந்த நகரத்தில் இன்னும் இருக்கிறது, அது எனக்குக் கோபத்தை வரவழைக்கும் விஷயம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி நம் அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று சொல்கிறது. இணைக்கத்தான் அது, ஒருவரைக் கீழே வைக்க அல்ல. "ஹீ கோ டு ஒபிஸ்" என்று சொன்னாலும் கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. பேசுங்கள், "ஸ்" பிறகு வந்து சேரும். கடிதமும் விண்ணப்பமும் எழுதும்போது மட்டும் இரண்டாம் தடவை வாசித்துத் திருத்துங்கள்.

"ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்வது பிழையா?

இது "போயிட்டு வாறன்" என்பதன் நேர் ஆங்கிலம். சிங்களத்திலும் இப்படியே சொல்வதால் இலங்கை ஆங்கிலத்தில் நன்றாக ஊன்றிவிட்டது. கொழும்பில் யாரிடமும் தாராளமாகச் சொல்லலாம். வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் எதை எடுக்கப் போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று காத்துக்கொண்டிருப்பார். அவரிடம் விடைபெறுவதென்றால் "ஐ ஆம் லீவிங் நவ்", கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவதென்றால் "ஐ வில் பி பாக்".